தூணுக்கு இந்தப் பக்கம்

“டீச்சர், இது இன்னும் சரியா வரல.”

ஞானதிரவியம் கிரேனை மேசைமேல் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

பல்கீஸ் டீச்சர் ஒரு மருத்துவமனைக்கு ஜன்னல் ஒட்டிக்கொண்டிருந்தார். மருத்துவமனை ஒரு முழ நீளம். ஜன்னல் நகத்தளவு.

“என்ன சரியா வரல அண்ணாச்சி?”

“ஹூக் ஆடுது.”

“காத்துல ஆடத்தானே செய்யும்?”

“இங்க ஏது காத்து? ஃபேனைக்கூட நிறுத்திட்டேனே.”

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். மின்விசிறி நின்றுதான் இருந்தது. வகுப்பில் இருந்த நாலு பேருக்கும் வியர்த்து வழிந்தது.

“மொதல்ல ஃபேனைப் போடுங்க,” என்றார் டீச்சர்.

*

டீச்சருக்கு வயது முப்பத்து மூன்று. மேலப்பாளையத்தில், ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் அவருடைய பட்டறை. கட்டடக் கம்பெனிகளுக்கும் கல்லூரிகளுக்கும் மாடல் செய்து கொடுப்பது தொழில். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும், ஆசைப்பட்டு வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்.

நிறையச் சொல்லமாட்டார்.

ஞானதிரவியத்துக்கு ஐம்பத்து நாலு. இருபத்தாறு வருஷம் டவர் கிரேன் ஓட்டியவர். மஸ்கட்டில் ஒன்பது வருஷம், மீதி இங்கே. பாதி ஆயுசை மேலேயே கழித்துவிட்டு வந்த மனுஷன் என்று அவர் மனைவி சொல்வாள்.

ஆறு மாதத்துக்கு முன்னால் கம்பெனி டாக்டர் அவர் காதைச் சோதித்தார். காதுக்குள் கோளாறு, திடீர் திடீரென்று தலை சுற்றும், இனி உயரம் ஏறக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார்.

அவரைக் கீழே இறக்கிவிட்டார்கள்.

விடைகொடுத்த அன்று கழுத்தில் மாலை போட்டு, கையில் ஒரு பெட்டியைத் தந்தார்கள். பெட்டிக்குள் அவர் ஓட்டிய அதே வகைக் கிரேன். ஐம்பதில் ஒரு பங்கு அளவு.

முதல் வாரம் அது டிவிக்குப் பக்கத்தில் நின்றது.

இரண்டாம் வாரம் அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தார்.

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை.

வந்த மாடலில் ஹூக் வெறும் நூலில் தொங்கியது. நூலைப் பிடுங்கி எறிந்துவிட்டு மெல்லிய இரும்புக் கம்பி போட்டார். கையால் சுற்றுகிற சக்கரத்தைக் கழற்றிவிட்டு மோட்டார் வைத்தார். ஏற்றி இறக்க ஒன்று. சுற்றுவதற்கு ஒன்று. ஹூக்கை முன்னும் பின்னும் நகர்த்த இன்னொன்று. ஈயம் உருக்கிப் பின்பக்கத்துக்கு எடை கட்டினார். உச்சியில் சிவப்பு விளக்கு. பிறகு ரிமோட்.

ஒவ்வொன்றும் முடிந்ததும் ஒரு மணி நேரம் மனசுக்கு நன்றாக இருக்கும்.

அப்புறம் எழுந்து கூடத்துக்கும் அடுக்களைக்குமாக நடக்க ஆரம்பிப்பார்.

“வீட்டுக்குள்ள டொக்கு டொக்குன்னு தட்டாதீய,” என்றாள் மனைவி. “எங்கயாவது போய்த் தட்டுங்க.”

அப்படித்தான் அவர் டீச்சரிடம் வந்து சேர்ந்தார்.

*

அடுத்த ஞாயிறு.

“டீச்சர், ஹூக்குல கேமரா வச்சிருக்கேன்.”

பட்டாணி அளவுக் கேமரா. ஹூக்குக்குக் கீழே என்ன இருக்கிறதோ அது அவர் ஃபோனில் தெரிந்தது. அப்போது டீச்சரின் கைகள் தெரிந்தன. கட்டைவிரலில் காய்ந்த பசைகூடத் தெரிந்தது.

“நல்லா இருக்கே,” என்றார் டீச்சர். “இப்ப சரியாயிட்டா?”

“ஆயிட்டு.”

ஆனால் அவருடைய வலது கால் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது.

“இல்ல,” என்றார்.

“என்ன இல்ல?”

“இது கீழ இருக்கிறதை மட்டும்தான் காட்டும். பக்கவாட்டுல ஒருத்தன் நின்னா தெரியாது.”

“கேபின்ல இருக்கிறவருக்குத் தெரியாதா?”

ஞானதிரவியம் ஃபோனை அணைத்தார். கிரேனைக் கழற்றிப் பெட்டிக்குள் அடுக்கினார். வகுப்பு முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

“பக்கத்துக்கும் ஒரு கேமரா வச்சிருதேன்,” என்று சொல்லிக்கொண்டே படியிறங்கிப் போனார்.

*

அதற்கடுத்த ஞாயிறு அவர் ஒரு பலகையையும் தூக்கிக்கொண்டு வந்தார். ஆட்டோக்காரர் பின்னால் கிரேனைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

பலகையில் தரை போட்டிருந்தார். கட்டி முடியாத ஒரு கட்டடத்தின் நாலு தூண்கள் நின்றன. தலையில் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. மண்கூட உண்மையான மண். சலித்து ஒட்டியிருந்தார்.

“எந்தக் கட்டடம் அண்ணாச்சி?”

“சும்மா ஒரு கட்டடம்.”

டீச்சர் தூணுக்கும் தூணுக்கும் இடைவெளியை அளந்து பார்த்தார். நாலு பக்கமும் மில்லிமீட்டர் பிசகவில்லை. சும்மா ஒரு கட்டடத்துக்கு யாரும் இப்படி அளந்து செய்யமாட்டார்கள். ஆனால் டீச்சர் அதைக் கேட்கவில்லை.

“இன்னைக்குப் புதுசா என்ன?”

“இதுதான் ரொம்ப முக்கியமானது டீச்சர்.” அவர் குரலில் ஒரு வேகம் இருந்தது. “ரிமோட்டுல இருந்து விரலை எடுத்தா எல்லாம் நின்னுரும். சுத்துறது, ஏறுறது, எல்லாமே. ஓட்டுறவனுக்கு மயக்கம் வந்து விழுந்தாலும் ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆகாது. கிரேன் தானா நின்னுரும்.”

டீச்சர் ரிமோட்டை வாங்கினார்.

அழுத்தினார். கிரேன் சுற்றியது. விரலை எடுத்தார். நின்றது.

மறுபடியும் அழுத்தினார். இந்தத் தடவை விரலை எடுக்கவில்லை.

கிரேன் சுற்றியது. ஹூக்கில் தொங்கிய இரும்புத் துண்டு பலகையைத் தாண்டி வெளியே வந்தது. பிரஷ் வைத்திருந்த கண்ணாடித் தம்ளரை இடித்தது. தம்ளர் சாய்ந்து, உருண்டு, தரையில் விழுந்து உடைந்தது.

“விடுங்க டீச்சர்! விடுங்க!”

அவர் கத்தியதில் வகுப்பில் எல்லோரும் திரும்பினார்கள்.

டீச்சர் விரலை எடுத்தார். கண்ணாடித் துண்டுகளைக் குனிந்து பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

“விட்டா நிக்குது. சரி. பயத்துல இறுக்கிப் பிடிச்சுக்கிட்டவருக்கு என்ன வச்சிருக்கீங்க?”

ஞானதிரவியம் ரிமோட்டை வாங்கிக் கீழே வைத்தார்.

அவர் குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினார். விரலில் ரத்தம் வந்தது.

“துடைப்பம் இருக்கு அண்ணாச்சி,” என்றார் டீச்சர்.

அவர் காதில் அது விழவில்லை.

*

டீச்சருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தவர்கள் வேறு ஊரில் இருந்தார்கள்.

பத்து மாதத்துக்கு முன்னால், தூத்துக்குடிப் பக்கம் ஒரு குடியிருப்புக் கட்டும் இடத்தில் அது நடந்தது.

கிரேன் ஓட்டுகிறவர் உயரத்தில், கேபின் என்கிற கண்ணாடிக் கூண்டுக்குள் இருப்பார். கீழே ஒருவர் நின்று கையைக் காட்டுவார். தூக்கு, இறக்கு, நிறுத்து. அவர்தான் சிக்னல்மேன். மேலே இருப்பவருக்கு அந்தக் கைதான் கண்.

ஞானதிரவியத்தின் சிக்னல்மேன் மாசானமுத்து. முப்பத்தெட்டு வயது. நாலு வருஷமாக இரண்டு பேரும் சேர்ந்தே வேலை பார்த்தார்கள்.

அன்று கிரேனில் ஒரு கட்டு இரும்புக் கம்பி தொங்கியது. நிற்க வேண்டிய இடத்தில் அது நிற்கவில்லை. சுற்றி வந்து, மாசானமுத்துவின் காலைத் தூணோடு வைத்து நசுக்கியது.

விசாரணையில் ஞானதிரவியம் சொன்னது இரண்டே வரி.

‘சிக்னல்மேன் தூணுக்குப் பின்னால் நின்றார். என் கண்ணுக்குத் தெரியவில்லை.’

அறிக்கையிலும் அந்த இரண்டு வரிதான் வந்தது. கீழே அவர் கையெழுத்துப் போட்டார்.

மாசானமுத்துவுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. சிக்னல் காட்டுகிற அனுமதிச் சீட்டும் போயிற்று. கவனமில்லாதவன் என்று காகிதத்தில் ஏறிவிட்ட ஆளை வேறு எந்த இடத்திலும் சேர்க்கவில்லை.

ஞானதிரவியம் ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை.

*

“டீச்சர், அடுத்த மாசம் கண்காட்சின்னு சொன்னீங்களே. நம்ம கிரேனை வைக்கலாமா?”

“வைக்கலாம். ஒரு ஆள் வேணும்.”

“தூக்கிட்டு வரவா? நான் ஏற்பாடு பண்ணிருதேன்.”

“அந்த ஆள் இல்ல அண்ணாச்சி. மாடல்ல ஒரு ஆள். ஆள் இல்லாத மாடல் இந்த வாசலைத் தாண்டாது.”

“அது எதுக்கு? கிரேனைப் பாக்கத்தானே வருவாங்க?”

டீச்சர் அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். வெள்ளையாக, உருண்டையாக, மேலே கூம்பு மூடியோடு இருந்தது.

“இது என்ன?”

ஞானதிரவியம் பார்த்தார். “மொட்டை மாடியில வைக்கிற தண்ணித் தொட்டி.”

டீச்சர் ஒரு சிமிழைத் திறந்தார். இடுக்கியால் ஒரு அரிசியை எடுப்பதுபோல் எதையோ எடுத்து, அந்த உருண்டையின் அடியில் நிறுத்தினார்.

அது ஒரு மனிதன். தலைகூட இருந்தது.

தண்ணீர்த் தொட்டி சட்டென்று வளர்ந்தது. பத்து மாடி உயரத்துக்கு, ஊருக்கே நெல் கொட்டி வைக்கிற கிடங்காக நின்றது.

ஞானதிரவியம் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“செஞ்சிருதேன்,” என்றார்.

கம்பியை வளைத்து, குழாய் ஓட்டை அடைக்கிற பசையை அதன்மேல் பிசைந்து, ஒரு மணி நேரத்தில் ஒரு ஆளைச் செய்தார். சுண்டுவிரலில் பாதி உயரம். உட்கார்ந்த ஆள். கேபினுக்குள் பொருத்தினார்.

டீச்சர் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

“கீழே?”

“கீழ என்ன?”

“மேல இருக்கிறவர் தனியாவா ஓட்டுவார்?”

ஞானதிரவியம் எழுந்தார். ஜன்னல் வரைக்கும் போனார். திரும்பி வந்தார். மறுபடியும் போனார்.

“ஒருத்தர் போதும்னு சொன்னீங்களே டீச்சர்.”

“நான் சொல்லலையே.”

“கண்காட்சிக்கு வேற எதையாவது வச்சுக்கிடுங்க. கிரேன் வேண்டாம்.”

“சரி,” என்றார் டீச்சர். மருத்துவமனையின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஞானதிரவியம் வாசல் வரைக்கும் போனார். செருப்பை மாட்டினார். கழற்றினார்.

“ஒரு வாரம் குடுங்க,” என்றார்.

*

அந்த வாரம் அவர் வீட்டில் டொக்கு டொக்குச் சத்தம் கேட்கவில்லை.

காலையில் உட்கார்ந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்தார். கால் ஆடவில்லை. கூடத்தில் நடக்கவில்லை. உடம்புக்கு ஏதாவதா என்று மனைவி மூன்று தடவை வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

முதலில் செய்த ஆளை உடைத்தார். தோள் அகலமாகிவிட்டது. மாசானமுத்துவுக்குத் தோள் ஒடுக்கம்.

இரண்டாவதையும் உடைத்தார். தலைக்கவசம் நேராக இருந்தது. அவன் எப்போதும் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளித்தான் போடுவான்.

மூன்றாவது சரியாக வந்தது.

நிறம் அடித்தபோது பிரஷில் ஒரே ஒரு மயிரை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கத்தரித்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு அடித்தார். கை தானாகப் போயிற்று. எதையும் அவர் யோசிக்கவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை.

பலகையும் கிரேனும் மேசைமேல் நின்றன. சிக்னல்மேன் தூணுக்குப் பின்னால் நின்றான்.

“முடிஞ்சுட்டு டீச்சர்.”

பல்கீஸ் டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்து அந்த ஆளைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

“இத்தனை வருஷத்துல இந்த வகுப்புல யாரும் இப்படி ஒரு ஆளைச் செஞ்சதில்ல அண்ணாச்சி.”

ஞானதிரவியம் பலகையின் ஓரத்துத் தூசியை விரலால் துடைத்தார்.

“கையைத் தூக்கி நிக்கிறாரு. என்ன சிக்னல் இது?”

“நிறுத்து.”

“ஒரு கையில வெள்ளை உறை. தூக்கின கையில மட்டும் மஞ்சள். அது ஏன்?”

“ஒரு உறை தொலைஞ்சு போச்சு. வேற ஜோடியில இருந்து ஒண்ணை எடுத்து மாட்டியிருந்தான். அன்னைக்குக் காலைல நான்கூடக் கேலி பண்ணினேன்.”

“உள்ளங்கை எந்தப் பக்கம் பாக்குது?”

“என்னைப் பாத்து.”

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

டீச்சர் எழுந்தார். ஹூக்கில் இருந்த கேமராவைக் கழற்றினார். கேபினுக்குள், அந்த உட்கார்ந்த ஆளின் முகத்துக்கு நேரே வைத்தார். ஃபோனை ஞானதிரவியத்தின் முன்னால் திருப்பினார்.

திரையில் தூண் தெரிந்தது. மண் தெரிந்தது. ஆள் இல்லை.

“இங்க இருந்து பாத்தா இவரைத் தெரியலையே அண்ணாச்சி. பின்ன இவர் யாருக்குக் கையைக் காட்டுறாரு?”

வகுப்பில் யாரோ உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அவரை எங்க நிறுத்தணுமோ அங்க நிறுத்துங்க,” என்றார் டீச்சர்.

ஞானதிரவியம் கையை நீட்டினார். இரண்டு விரலால் அந்த ஆளை எடுத்தார். தூணைச் சுற்றிக்கொண்டு வந்தார். தூணுக்கு இந்தப் பக்கம், அன்று வெயில் விழுந்த இடத்தில், திறந்தவெளியில் நிறுத்தினார்.

திரையில் மாசானமுத்து வந்தான். சின்னதாக, தெளிவாக, தலைக்கவசம் பின்னுக்குத் தள்ளி. மஞ்சள் கை மேலே இருந்தது. உள்ளங்கை அவரைப் பார்த்தது.

அந்தக் கையை அவர் பார்த்திருந்தார். கூண்டு சுற்றியது, வானம் சுற்றியது, கடல் தலைக்கு மேலே வந்தது. அவ்வளவுக்கும் நடுவில் அந்த மஞ்சள் கை மட்டும் அசையாமல் நின்றது. நிறுத்து என்றது. அவருக்கு அது புரிந்தது. லிவரை விட்டால் போதும் என்றும் தெரிந்தது. விரல்கள் விடவில்லை.

அதற்கு முந்திய ஒரு வருஷமாகத் தலைசுற்றல் வந்துகொண்டிருந்ததை அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் இறக்கிவிடுவார்கள் என்று பயம்.

“இதை எடுத்துருங்க டீச்சர்,” என்றார். குரல் அவருடையதுபோல இல்லை.

டீச்சர் எடுக்கவில்லை. ஃபோனை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்துபோய், மருத்துவமனைக்கு அடுத்த ஜன்னலை ஒட்ட ஆரம்பித்தார்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போனார்கள். ஞானதிரவியம் திரைமுன்னால் உட்கார்ந்தே இருந்தார். ஃபோனில் சார்ஜ் தீர்ந்து அது தானாக அணைந்தது.

அவர் எழுந்தார்.

“கிரேன் இங்கயே இருக்கட்டும் டீச்சர்.”

“இன்னும் ஏதாவது மாத்தணுமா?”

“மாத்த வேண்டியது அதுல இல்ல,” என்றார்.

*

திங்கட்கிழமை காலையில் அவர் தூத்துக்குடியில் இருந்தார். கம்பெனி அலுவலகம் திறக்கும் முன்பே போய் வாசலில் நின்றார்.

அதிகாரி அவர் எழுதிக் கொடுத்த கடிதத்தைப் படித்தார். முதல் பக்கத்தில் பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

“இது முடிஞ்ச விஷயம் சார். இப்ப எதுக்குக் கிளறுறீங்க? உங்களுக்குத்தான் சிக்கல் வரும்.”

“வரட்டும்.”

“வீட்டுல யோசிச்சுட்டு நாளைக்கு வாங்களேன்.”

“பத்து மாசம் யோசிச்சாச்சு. வாங்கிட்டோம்னு சீல் வச்சு ஒரு நகல் குடுங்க. வாங்காம நான் நகர மாட்டேன்.”

அதிகாரி மேலே யாரையோ ஃபோனில் கூப்பிட்டார். அப்புறம் இன்னொருவரைக் கூப்பிட்டார். ஞானதிரவியம் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றார்.

பதினோரு மணிக்குச் சீல் விழுந்தது.

*

செய்துங்கநல்லூரில் பஸ்ஸைவிட்டு இறங்கி, இரண்டு இடத்தில் விசாரித்து, அந்த வீட்டைக் கண்டுபிடித்தார். வாசலில் வேப்பமர நிழலில் மாசானமுத்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் மிக்சிகள். ஒரு மிக்சியைத் தலைகீழாகத் தொடையிடுக்கில் வைத்து ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருந்தான். செயற்கைக் கால் கழற்றப்பட்டுச் சுவரில் சாய்ந்திருந்தது.

நிமிர்ந்து பார்த்தான். முகம் மாறவில்லை.

“வாங்க அண்ணாச்சி. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கிடுங்க.”

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தாள். அவன் மனைவி செல்லக்கனி. அண்ணாச்சி யாரென்று அவன் சொன்னதும் அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“நல்லாருக்கீயளா அண்ணாச்சி? உங்களுக்கும் காதுக்குச் சொகமில்லாம வேலை போயிட்டாமே. கேள்விப்பட்டேன். இவிய பண்ணுன கூத்துல உங்களுக்கும் எம்புட்டு மனக்கஷ்டம்.”

ஞானதிரவியத்தால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“தூணுக்குப் பின்னால போய் என்ன செஞ்சீயன்னு கேட்டா பதிலே கெடையாது அண்ணாச்சி. கண்ணை எங்க வச்சிருந்தீயன்னு கேட்டாலும் பதில் கெடையாது. ரெண்டு பிள்ளையளையும் நெனச்சுப் பாத்திருந்தா ஒழுங்கா நின்னிருக்க மாட்டாவளா? நானும் தெனம் கேட்டுட்டுத்தான் இருக்கேன்.”

மாசானமுத்து ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருந்தான்.

“இருங்க, காப்பி போடுதேன்,” என்று அவள் உள்ளே போனாள்.

ஒரு மாடு தெருவைக் கடந்து போயிற்று. ஞானதிரவியம் ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்தார்.

“மாசானம்.”

“சொல்லுங்க.”

“நான் பாத்தேன். நீ வெளியதான் நின்ன. உன் கையைப் பாத்தேன்.”

“தெரியும்.”

“தெரியுமா?”

“நேரா என்னையத்தானே பாத்துட்டு இருந்தீய. கண்ணாடிக்குள்ள உங்க மூஞ்சி எனக்குத் தெரிஞ்சுது.” ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி மூடியில் போட்டான். “என்னமோ ஆயிட்டு இவியளுக்குன்னு நெனச்சேன். அதுக்குள்ள கம்பி வந்துட்டு.”

“விசாரணையில நீ இதைச் சொல்லலையா?”

“சொன்னேன். காலு போன ஆத்திரத்துல பேசுதான்னுட்டாவ.”

“வீட்டுல?”

“வீட்டுலயும் சொன்னேன். காயிதத்துல அப்படி எழுதலையேங்கா.”

ஞானதிரவியம் சட்டைப் பையிலிருந்து கடிதத்தின் நகலை எடுத்தார். விரித்தார்.

“காலைல ஆபீசுல எழுதிக் குடுத்துட்டேன். தலை சுத்துனதை மறைச்சது, பொய் சொன்னது, எல்லாத்தையும் எழுதியிருக்கேன். சீல் போட்டு வாங்கியிருக்கேன். உன் பேர்ல இருக்கிறதை எடுத்தாகணும்னு கேட்டிருக்கேன். எடுக்கலேன்னா மேல போவேன்.”

மாசானமுத்து காகிதத்தை வாங்கவில்லை. ஆனால் அவன் கை மிக்சிமேல் நின்றுவிட்டது.

“உங்கிட்ட என்ன கேக்கணும்னு எனக்குத் தெரியல மாசானம். கேக்குததுக்கு வாய் வரமாட்டேங்குது. நான் பாத்தேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

மாசானமுத்து ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான். உள்ளங்கைகளை லுங்கியில் துடைத்தான்.

“எங்கிட்ட எதுக்குச் சொல்லுதீய அண்ணாச்சி? எனக்குத்தான் தெரியுமே.”

அவன் வீட்டுக்குள் திரும்பிக் குரல் கொடுத்தான்.

“ஏளா செல்லக்கனி! அடுப்பை அமத்திட்டு இங்க வா. அண்ணாச்சி ஒனக்கு ஒண்ணு சொல்லணுமாம்.”